ஷெக் நிங் பாடாத வரி

ஷாவ் கெய் வான் சந்தையடியிலிருந்து மலைமேல் அடுக்குமாடிகளுக்குப் போகும் பச்சை மினிபஸ்ஸைப் பதினெட்டு ஆண்டுகளாக ஓட்டிக்கொண்டிருந்தாள் கோங் சுன்-ஃபா. வயது ஐம்பத்தேழு. குட்டைத் தலைமுடி, கறுப்புக் கண்ணாடி, முழங்கை வரை வெயிலுக்கான கையுறை. வளைவில் அவள் வண்டியைத் திருப்பும் வேகத்தைப் பார்த்துப் புதிதாக ஏறியவர்கள் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். பழகியவர்கள் தூங்குவார்கள்.

அவள் வண்டியில் பாட்டு ஓடும். கம்பெனிக்கு அது பிடிக்காது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் புகார் கொடுத்ததில்லை. ஓடுவது எப்போதும் ஒரே குரல்தான். இருபது ஆண்டுகளுக்கு முன், நாற்பத்து மூன்றாம் வயதில், புற்றுநோயில் போய்ச் சேர்ந்த ஷெக் நிங்கின் குரல்.

"ஃபா அக்கா, இந்த அம்மா செத்தும் உங்க வண்டியிலதான் வேலை பாக்குறாங்க போல. லீவே கிடையாதா?" என்று முன் இருக்கையில் உட்காரும் மீன்கடைக்காரர் கேட்பார்.

"உங்க மீனும் செத்துதான் வேலை பாக்குது. அதுக்கு லீவு விட்டீங்களா?" என்பாள் ஃபா.

அந்த வருடம் நவம்பரில் நிங் இறந்து இருபது ஆண்டு நிறைவு. ரசிகர் சங்கத்தில் மிஞ்சியிருந்த முப்பத்து சொச்சம் பேரும் சேர்ந்து சின்னதாக ஒரு நினைவு மலர் போடுவதென்று முடிவாகியிருந்தது. செயலாளர் டாம் பாக்-ஹோ, சுங்கத்துறையில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மலருக்கான கட்டுரையை எழுதும் பொறுப்பை அவர்தான் ஃபாவிடம் ஒப்படைத்தார். நிங் நமக்கு விட்டுப்போனது என்ன என்பது பொருள்.

"நான் டிரைவர் டாம் சார். எனக்கு எழுத வருமா?"

"ஆ-ஃபா" என்றார் டாம், அவளை எப்போதும் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார். "இந்த முப்பது பேர்ல அவங்க பாட்டை நிஜமாவே கேக்குறது நீ ஒருத்திதான். மத்தவங்க எல்லாம் அவங்க சட்டையையும் சிகையலங்காரத்தையும் ஞாபகம் வச்சிருக்காங்க. எழுது."

எழுத உட்கார்ந்தால் ஃபாவுக்கு ஒரே ஒரு பாட்டுதான் முன்னால் வந்து நின்றது. 'அக்கரை வெளிச்சம்'. நிங்குக்கு முப்பது வயதானபோது வந்தது. துறைமுகத்தின் இந்தப் பக்கம் நின்று, போகிறவனை அனுப்பிவைக்கும் ஒருத்தியின் பாட்டு. மூன்று சரணமும் பேசுவது போலவே போகும், சளைத்த குரலில், கீழேயே. கடைசியில் ஒரே ஒரு வரி மட்டும் திடீரென்று மேலே ஏறும். 'போ, நான் கையசைக்க மாட்டேன்.' அந்தப் 'போ'வில் குரல் அடியிலிருந்து வழுக்கி ஏறி, நடுவில் எச்சில் விழுங்கியது போல ஒரு நொடி தடுக்கி, பிறகு நூலாக மெலிந்து அறுந்துவிடாமல் நிற்கும்.

ஃபாவுக்கு அப்போது வயது இருபத்து நான்கு. நிச்சயம் செய்திருந்தவன் பெற்றோருடன் கனடாவுக்கு, வான்கூவருக்குக் கிளம்பினான். ஊர் கைமாறப் போகிறது என்ற பயத்தில் அந்த ஆண்டுகளில் தெருவுக்கு நாலு குடும்பம் கிளம்பியது. அவளையும் வரச் சொன்னான். அம்மாவைப் படுக்கையில் விட்டுவிட்டு அவளால் போக முடியாது. காய் தாக் விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாள், கையசைக்கவில்லை. திரும்பி வரும் பேருந்தில் யாருடைய வானொலியிலோ அந்தப் பாட்டு வந்தது. தன் நெஞ்சில் இருந்ததை ஒருத்தி எடுத்துப் பாடிவிட்டாள் என்று நினைத்தாள். அன்றிலிருந்து நிங் அவளுக்குப் பாடகி மட்டும் இல்லை, அந்த நாளுக்குச் சாட்சி.

இதையெல்லாம் எப்படி எழுதுவது? நாலு முறை எழுதிக் கிழித்துப் போட்டாள்.

அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலைக் கூட்டம் ஓய்ந்த பிறகு, மழை. வண்டியில் மூன்றே பேர். கடைசி இருக்கையில் ஓர் அம்மாள், அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும், காய்கறி வைத்த சக்கரப் பையை முழங்காலுக்கிடையே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு செவ்வாயும் சந்தைக்கு வந்து போகிறவர். ஃபாவுக்கு முகம் தெரியும், பெயர் தெரியாது.

'அக்கரை வெளிச்சம்' ஓடிக்கொண்டிருந்தது. கடைசி வரி வந்தது. குரல் ஏறியது, தடுக்கியது, மெலிந்தது. ஆனால் இந்த முறை அது இரண்டு இடத்திலிருந்து வந்தது. ஒன்று முன்னால் ஒலிபெருக்கியிலிருந்து. இன்னொன்று முதுகுக்குப் பின்னாலிருந்து, கொஞ்சம் கரகரப்போடு, வயதேறிப் போய், ஆனால் அதே வழுக்கல், அதே இடத்தில் அதே தடுக்கல்.

பாட்டைப் பின்பற்றிப் பாடுகிறவர்களை ஃபா ஆயிரம் பேரைக் கேட்டிருக்கிறாள். கரோக்கியில் நிங் மாதிரியே பாடுகிறேன் என்று கண்ணை மூடிக்கொள்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் அந்தத் தடுக்கலை வேண்டுமென்றே செய்வார்கள், செய்வது தெரியும். இது அப்படி இல்லை. இந்தத் தொண்டை அப்படித்தான் போகும், வேறு மாதிரி போகாது.

"டிரைவரே, பள்ளிக்கூடம் தாண்டிப் போச்சு. நான் இறங்கணும்னு ரெண்டு தரம் சொல்லிட்டேன்" என்றார் நடு இருக்கையில் இருந்தவர்.

"மன்னிச்சுக்குங்க" என்று வண்டியை ஓரம் கட்டினாள்.

முடிவு நிறுத்தத்தில் அந்த அம்மாள் பையை இழுத்துக்கொண்டு இறங்கும்போது ஃபாவும் இறங்கி வழியை மறித்தாள்.

"அக்கா, நீங்க பாடினீங்களே."

"சத்தமா பாடிட்டேனா? மழை சத்தத்துல கேக்காதுன்னு நெனச்சேன்."

"அந்தக் கடைசி வரி. நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?"

அந்த அம்மாள் அவளை ஒரு பார்வை பார்த்தார். "பாட்டுதானே, யாரு வேணா பாடலாம். கீரை வாடிடும், வழி விடும்மா" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துப் போய்விட்டார்.

அடுத்த செவ்வாய் ஃபா தன் ஓய்வு நேரத்தை மாற்றிக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த அம்மாள் சந்தையிலிருந்து வரும்போது எதிரே போய் நின்றாள். "அக்கா, ஒரு டீ குடிக்கலாம் வாங்க. நான் நிங்கோட ரசிகை. முப்பத்து மூணு வருஷமா அந்த வரியைக் கேக்குறேன். எனக்குத் தெரிஞ்சே ஆகணும்."

"தெரிஞ்சா என்ன பண்ணுவே?"

"தெரியல."

அந்தப் பதில் அந்த அம்மாளுக்குப் பிடித்திருக்க வேண்டும். சந்தை மூலையில் இருந்த டீக்கடைக்குள் நுழைந்து சுவரோர மேசையில் உட்கார்ந்தார்கள். பால் டீ இரண்டு, அன்னாசி பன் ஒன்று. பன்னைப் பாதியாகப் பிய்த்து ஃபாவின் தட்டில் வைத்துவிட்டுத் தன் பெயரைச் சொன்னார். லுய் பிக்-யூ.

"நான் மாதிரிக்குப் பாடிக் கொடுக்குறவ. இசையமைப்பாளர் மெட்டுப் போட்டதும், பாடகருக்குக் கத்துக்கொடுக்க யாராவது பாடி டேப்புல கொடுக்கணும்ல, அந்த ஆள். நிங்குக்கு ஏழு வருஷம் நான்தான். எங்க ரெண்டு பேரு குரலும் ஒரே குடும்பம் மாதிரி இருக்கும்னு சொல்வாங்க. அந்தப் பாட்டுல எல்லாம் அவ பாடி முடிச்சாச்சு, அந்த ஒரு வரி மட்டும் பாக்கி. அன்னைக்குன்னு பாத்து தொண்டை வீங்கிப் போச்சு. ரெண்டு வாரம் வாயே திறக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இசைத்தட்டுக் கம்பெனிக்காரங்க தேதி குறிச்சாச்சு, விளம்பரம் போட்டாச்சு. என்ன பண்ணுவாங்க? என் டேப்பை வெட்டி அதுல ஒட்டிட்டாங்க."

ஃபா டீயைத் தொடவே இல்லை.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"யாருக்கு, நிங்குக்கா? ஸ்டூடியோவுக்கு வந்து ஹெட்போன் போட்டுக் கேட்டா. பேசக் கூடாதே, காகிதத்துல எழுதிக் காட்டினா. 'அழிக்காதீங்க. நான் பாடினாலும் இப்படி வராது'ன்னு. அப்புறம் கீழே இன்னொண்ணு எழுதினா, 'அட்டையில பிக்-யூ பேரு வரணும்'னு. வரல. ரசிகருங்க ஏமாத்திட்டதா நெனைப்பாங்கன்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. அவ போய்ச் சண்டை போட்டா. ஜெயிக்க முடியல."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அவ அந்த வரியை மேடையில பாடினதே இல்ல. நீ பாத்திருப்பியே."

ஃபா பார்த்திருந்தாள். ஹுங் ஹாம் அரங்கில் நான்கு கச்சேரி, நான்கிலும் மேல்வரிசை. கடைசி வரி வரும்போது நிங் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிப் பிடிப்பாள். பன்னிரண்டாயிரம் பேர் பாடுவார்கள். நிங் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். அது தங்களுக்குக் கிடைத்த பரிசு என்று ஃபாவே சங்கத்தின் செய்திமடலில் எழுதியிருந்தாள். படித்துவிட்டு நாலு பேர் அழுதோம் என்று கடிதம் போட்டார்கள்.

"ஏன் யாருகிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டா? நீதான் முதல்ல கேக்குற." பிக்-யூ பன்னின் மேல்தோலைக் கடித்தார். "சாகுற வருஷம் வரைக்கும் நிலாப் பண்டிகைக்கு எனக்குப் பலகாரம் அனுப்பிட்டிருந்தா. அவளைப் பத்தித் தப்பா எதுவும் எழுதிடாதே, ஆமா. நான் சொல்றதை வச்சுக்கிட்டு அவ ஏமாத்துக்காரின்னு மட்டும் எவனாவது சொன்னா, நான் சொல்லவே இல்லைன்னு சாதிச்சிடுவேன்."

அன்று மாலை ஷிஃப்டில் ஃபா பாட்டுப் போடவில்லை. மறுநாளும் போடவில்லை. மீன்கடைக்காரர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்து, "அம்மா ஒருவழியா ரிட்டயர் ஆயிட்டாங்களா?" என்றார். ஃபா கியரைப் போட்டு வண்டியை எடுத்தாள்.

அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. நிங்மேல் இல்லை, அந்த அம்மாள்மேல் இல்லை, கம்பெனிக்காரர்கள் பாதிப் பேர் உயிரோடு இல்லை. இருபத்து நான்கு வயதில் பேருந்து ஜன்னலோரம் அழுதபோது தன் தோளில் கை வைத்தது யார் என்று இப்போது தெரியாமல் போய்விட்டதே என்பதுதான் அந்தக் கோபம். வேறு யாரோ வைத்த கையை முப்பத்து மூன்று ஆண்டுகளாக நிங்கின் கை என்று நினைத்திருந்தாள்.

ஆறாம் நாள் ஞாயிறு. வேலை இல்லை. நிங்கின் பதினொரு இசைத்தட்டுகளையும் எடுத்து, வந்த வரிசையிலேயே காலையிலிருந்து கேட்டாள். நடுவில் நூடுல்ஸ் கிண்டித் தின்றாள். துணி காயப்போட்டாள். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

முதல் ஐந்து தட்டுகளில் நிங் எல்லோரையும் போலத்தான் பாடினாள். எந்தப் பாட்டானாலும் உச்சிக்குப் போய்க் கொடி நடுவது. அந்தக் காலத்தில் எல்லாப் பாடகிகளும் அப்படித்தான். ஆறாவதில் 'அக்கரை வெளிச்சம்'. ஏழாவதிலிருந்து குரல் இறங்கிவிட்டது. ஃபா இதைக் கவனித்திருந்தாள், ஆனால் ஏன் என்று கேட்டதில்லை. வயதாகிறது, உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள். இப்போது கேட்டால் அது இறங்கியது இல்லை, இறக்கியது என்று புரிந்தது. ஏழாவது தட்டில் ஒரு பாட்டுகூட மேலே ஏறவில்லை. சமையலறையில் நின்று பக்கத்து அறைக்குப் பேசுவது போன்ற குரல். மூச்சு வாங்குவது கேட்கும், அதை மறைக்கவில்லை. ஒரு சொல்லை முழுக்கச் சொல்லாமல் பாதியில் விட்டுவிடுவாள், மீதியைக் கேட்கிறவன் சொல்லிக்கொள்வான். இன்றைக்கு வானொலியைத் திறந்தால் இருபத்தைந்து வயதுப் பிள்ளைகள் எல்லாம் அப்படித்தான் பாடுகிறார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு நிங்கின் பெயர் தெரியுமோ என்னவோ. அந்த வழியை வெட்டிக் கொடுத்தவள் அவள்தான்.

தனக்குக் கிடைத்த மிகப் பெரிய கைதட்டல் தன்னுடையது இல்லை என்று தெரிந்த பிறகு ஒருத்தி என்ன செய்வாள்? பெரும்பாலானவர்கள் வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடுவார்கள். நிங் போய் எது தன்னுடையது என்று தேடினாள். கீழே தேடினாள். கண்டுபிடிக்க அவளுக்கு இரண்டு தட்டு ஆயிற்று, அந்த இரண்டும் விற்கவில்லை. சங்கத்திலேயே பலர் திட்டினார்கள்.

பிறகு ஃபா ஆறாவது தட்டைத் திரும்பப் போட்டாள். மூன்று சரணமும் நிங். கடைசி வரி பிக்-யூ. இப்போது ஒட்டுப்போட்ட இடம்கூடக் காதில் விழுந்தது. விழுந்தும் அழுகை வந்தது. மூன்று சரணம் அப்படித் தரையோடு தரையாக நடந்திருக்காவிட்டால் அந்தக் கடைசி வரி வெறும் உயரமாகத்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. அன்று சாயங்காலத்துக்குள் கட்டுரையை எழுதி முடித்துவிட்டாள்.

டாம் அதைப் படிக்க இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். அவளை வீட்டுக்கு வரச் சொல்லி, எதிரே உட்காரவைத்து, தாள்களை மேசையில் நேராக அடுக்கினார்.

"ஆ-ஃபா, இருபது வருஷம் கழிச்சு செத்தவங்க தொண்டைக்குள்ள கைய விட்டுப் பாக்கணுமா?"

"நான் விடல டாம் சார். தானா கேட்டுது."

"ஆதாரம் என்ன? ஒரு காகிதம் இருக்கா? நான் முப்பது வருஷம் சுங்கத்துல இருந்தவன். காகிதம் இல்லாத சரக்கை உள்ள விட்டதில்ல."

"என் காது இருக்கு. அந்தக் காதை நம்பித்தானே எழுதச் சொன்னீங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்த அம்மா சொல்றது நிஜமாவே இருக்கட்டும். இதைப் படிச்சு யாருக்கு என்ன நல்லது? நம்ம ஆளுங்க எல்லாம் வயசானவங்க. வருஷத்துக்கு ஒருநாள் சேர்ந்து அழுதுட்டு, சாப்பிட்டுட்டுப் போறாங்க. அதையும் கெடுக்கணுமா?"

"கடைசி ரெண்டு பக்கம் படிச்சீங்களா? ஏழாவது தட்டைப் பத்தி எழுதினது?"

"படிச்சேன். அது நல்லாருக்கு. அதை மட்டும் போடலாம்."

"முன்னாடி இருக்கறது இல்லாம அது நிக்காது சார்."

"அப்போ போட மாட்டேன்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

நவம்பரில் அந்த நாள் வந்தது. சாய் வான் மலையில் நிங்கின் அஸ்தி வைத்த மாடத்தின் முன் பூவும் பழமும் வைத்துக் கும்பிட்டார்கள். பிறகு வழக்கமான உணவகத்தில் மூன்று வட்ட மேசை. வெள்ளைக் கோழி வந்து, கீரை வந்து, சோறு வருவதற்குள் ஃபா எழுந்து நின்றாள். இன்னும் அச்சுக்குப் போகாத மலரில் தன் கட்டுரை வராது, அதனால் இங்கே படிக்கிறேன் என்றாள். டாம் தடுக்கவில்லை. டீக்கெண்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் கோப்பையிலும் ஊற்றிக்கொண்டே போனார். அவள் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

படிக்க இருபது நிமிடம் ஆயிற்று. முடித்தபோது யாரும் கை தட்டவில்லை. இரண்டு பேர் பாதியிலேயே பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தார்கள். கோ அம்மாள் என்று ஒருவர், எண்பதை நெருங்கியவர், சக்கர நாற்காலியில் வந்திருந்தார். மகன் விபத்தில் இறந்த வருடம் முழுவதும் அந்தப் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்ததாகச் சொல்வார்.

"அப்போ இத்தனை வருஷம் நான் யாரை நெனச்சு அழுதேன், ஆ-ஃபா?"

ஃபா தாள்களை மடித்தாள். "எனக்கும் தெரியலம்மா. ரெண்டு பேரையும் சேர்த்துன்னு வச்சுக்குங்களேன்" என்றாள்.

கோ அம்மாள் தன் தட்டைத் தள்ளி வைத்தார். "உன்னை அப்பவே கல்யாணம் பண்ணிக் கனடாவுக்கு அனுப்பியிருக்கணும். நிம்மதியா சோறு தின்னுருப்போம்" என்றார். ஒருவர் சிரித்தார், பிறகு இன்னொருவர். சோறு வந்தது. சாப்பிட்டார்கள். ஆனால் ஒவ்வொரு வருடமும் சாப்பிட்டதும் பாடுகிறவர்கள் அந்த வருடம் பாடவில்லை. வழக்கமாக நான்கு மணி வரை நீளும் கூட்டம் இரண்டு மணிக்கே கலைந்துவிட்டது. திரும்பும் வழியில் ஃபா, தான் செய்தது சரியா என்று தன்னையே கேட்டுக்கொண்டு, சரி என்றும் சொல்ல முடியாமல், தப்பு என்றும் சொல்ல முடியாமல், வீட்டுக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடந்தாள்.

பத்து நாள் கழித்து, அவள் முடிவு நிறுத்தத்தில் வண்டியைப் போட்டுவிட்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது டாமிடமிருந்து போன்.

"ஆ-ஃபா, ஸ்டூடியோவுல எடுத்த ஒரு படம் எங்கிட்ட இருக்கு. இசைத்தட்டுக் கம்பெனியை மூடினப்போ குப்பையில போட வச்சிருந்ததை நான் எடுத்துட்டு வந்தது. நிங் ஹெட்போன் மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. கையில ஒரு காகிதம். பக்கத்துல ஒரு பொம்பளை, கோடு போட்ட சட்டை. பின்னாடி நான் என் கையால 'உதவியாளர், பெயர் தெரியாது'ன்னு எழுதி வச்சிருக்கேன்."

"காகிதத்துல என்ன எழுதியிருக்கு?"

"தெரியல. உருப்பெருக்கி வச்சும் பாத்துட்டேன். வெளிச்சம் பட்டு வெள்ளையா இருக்கு." படத்தைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "உன் கட்டுரையை மலர்ல போட முடியாது. கமிட்டியில பேசிட்டேன், நாலு பேரு ஒத்துக்கல. படத்தைப் போடலாம்னு சொல்லிட்டாங்க. கீழே ரெண்டு பேர் பேரும் வரணும். அந்த அம்மா பேரை எந்த எழுத்துல எழுதுவாங்க?"

ஃபாவுக்குத் தெரியாது. லுய் சரி, பிக் சரி. யூ என்று ஒலிக்கும் எழுத்துகள் எத்தனையோ இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள். "செவ்வாய்க்கிழமை கேட்டுச் சொல்றேன் சார்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை பிக்-யூ பையோடு ஏறியதும் ஃபா விஷயத்தைச் சொன்னாள். அவர் படியிலேயே நின்றார். பின்னால் இரண்டு பேர் ஏறக் காத்திருந்தார்கள்.

"கோடு போட்ட சட்டையா? அது எங்க அக்காவோடது" என்றார். பிறகு, "என் பேரை எவனும் சரியா எழுதினதில்ல. ரத்தினக்கல் யூன்னு எழுதுவாங்க, சந்தோஷம் யூன்னு எழுதுவாங்க. எங்க அப்பா இந்தக் குடாவுல படகுல மீன் பிடிச்சவரு. மீன்பிடி யூதான் வச்சாரு. ஸ்டூடியோவுல அதைச் சொன்னா சிரிப்பாங்க. நானும் திருத்துறதை விட்டுட்டேன்" என்றார்.

ஃபா வண்டியின் ஓட்டக் குறிப்பேட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, பேனாவோடு நீட்டினாள். பிக்-யூ பையைக் கால்களுக்கிடையே நிறுத்திக்கொண்டு, கைப்பிடிக் கம்பியில் தாளை வைத்து எழுதினார். தண்ணீரைக் குறிக்கும் மூன்று புள்ளிகள், அதன் பக்கத்தில் மீனைக் குறிக்கும் எழுத்து.

"ஏம்மா, வண்டி போகுமா போகாதா?" என்றார் படிக்குக் கீழே நின்றவர்.

"போகும், ஒரு நிமிஷம்" என்றாள் ஃபா.

பிக்-யூ எழுதியதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கம்பியில் வைத்து எழுதியதில் கோடு கோணியிருந்தது. அச்சுக் கோக்கிறவர்களுக்குப் புரியாதென்று, அதற்குக் கீழேயே இன்னொரு முறை, பெரிதாக, நிதானமாக எழுதிக் கொடுத்தார்.